புள்ளிக் குதிரையின் பூர்வீகம்

புள்ளிமானை நாம் அனைவரும் அறிவோம். புள்ளிக் குதிரை உண்டு என்றால் சிலர் ஐயுறக்கூடும். வெண்ணிற மேனியில் கறுப்பும் பழுப்புமாகப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும் க்னாப்ஸ்ட்ரப் என்னும் அரிய இனம் டென்மார்க் நாட்டிற்கு உரியது. அதனைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

1808ஆம் ஆண்டில் ஸ்பானியப் படையொன்று டென்மார்க்கில் தங்கியிருந்தது. அப்படையின் அதிகாரி ஒருவரிடமிருந்து புள்ளிப் பெட்டைக் குதிரை ஒன்று ஃப்ளேபே என்னும் இறைச்சி வணிகரின் கைக்கு வந்ததாம். அவர் அதனை வண்டியில் பூட்டினார். 1812இல் மேஜர் லுன் என்னும் நிலக்கிழார் அதனை விலைக்கு வாங்கித் தமது க்னாப்ஸ்ட்ரப் பண்ணைக்குக் கொண்டு சென்றார். 1813இல் அரச குடும்பத்தார் வளர்த்துவந்த ஃபிரடெரிக்ஸ்போர்க் இனத்து ஆண் குதிரையால் அது ஈன்ற குட்டியிலிருந்தே இவ்வினம் பெருகிற்று.

ஆயின், புள்ளிகளின் பூர்வீகம் ஸ்பெயினோடு முடிவதன்று. பிரான்சு நாட்டின் பெஷ் மெர்ல் குகையில் சுமார் 25,000 ஆண்டுகளுக்கு முன் தீட்டப்பட்ட புள்ளிக் குதிரைகள் உள்ளன. அவை ஓவியனின் கற்பனையே என்று கருதியோரும் உண்டு. மனிதன் குதிரையைப் பழக்குவதற்கு முன் வாழ்ந்த 31 குதிரைகளின் எலும்புகளையும் பற்களையும் ஆராய்ந்த அறிஞர்கள், அவற்றுள் ஆறில் புள்ளிக்குரிய மரபணு இருந்ததை 2011இல் வெளியிட்டனர். ஓவியன் கண்டதைத்தான் தீட்டியிருக்கிறான் என்பதே என் கருத்து.

அம்மரபணுவிடம் ஒரு விந்தை உண்டு. பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் அதனைப் பெற்ற குட்டிக்கே பெரும்பாலும் புள்ளிகள் நிறைந்திருக்கும். இருவரிடமிருந்தும் பெற்றதோ, புள்ளி அருகி வெளுத்துப் போவதுண்டு. அதனினும் கொடிது, மாலைக்கண்ணோடு பிறத்தல். தோலின் நிறத்தில் பங்குகொள்ளும் அதே மரபணு விழித்திரையிலும் வேலை செய்கிறது. அது மாறுபட்டிருப்பதால், மங்கிய ஒளியை உணரும் உயிரணுக்களின் செய்தி அடுத்த உயிரணுவிற்குச் சென்று சேர்வதில்லை. பகலில் நன்கு காணும் குதிரை இரவில் தடுமாறுகிறது.

புள்ளியை விரும்பிப் புள்ளியோடு புள்ளியையே இணைப்பவர் பெறுவது என்ன? ஒற்றை மரபணு உடைய இரண்டு குதிரைகளை இணைத்தால், சராசரியாக நான்கில் ஒரு குட்டி மாலைக்கண் உடையதாகவும், ஒன்று புள்ளியே இல்லாததாகவும் பிறக்கும். புள்ளியற்றதைப் பயனற்றதென்று கழித்துவிடத் தோன்றும். இனத்தைக் காப்பதற்கு அதுவே இன்றியமையாதது! இரட்டை மரபணு உடைய வெளுத்த குதிரையோடு அதனை இணைத்தால், பிறக்கும் குட்டி ஒவ்வொன்றும் ஒற்றை மரபணுவே பெறும், மாலைக்கண் வாராது.

கண்ணைக் காத்தாலும் குருதியுறவின் நெருக்கம் என்னும் இடர் நீங்குவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நெருங்கிய உறவிற்குள் இணைத்து இணைத்து இவ்வினம் தளர்ந்தது. போதாக்குறைக்கு 1891இல் பண்ணையின் லாயம் தீப்பற்றி 22 குதிரைகள் மாண்டன. புதுக் குருதி வேண்டி, 1971இல் அமெரிக்கப் புள்ளிக் குதிரையாகிய அப்பலூசா இனத்திலிருந்து மூன்று ஆண் குதிரைகளை டென்மார்க்கிற்கு வரவழைத்தனர்.