சட்டம் போட்டுப் பார்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். இரண்டிலும் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் நேயர்களில் பலர் இருப்பீர்கள். "சட்டம் போட்டுப் பார்!" என்று மூன்றாவதாக ஒன்றையும் அவர்கள் சேர்த்திருக்கலாம். ஏழைகளுக்கு வீடு கட்ட ஒரு சட்டம் வேண்டும் என்று புறப்பட்டு, ஊர் ஊராக அலைந்து, அது நிறைவேறிய பிறகே ஓய்ந்த ஓர் அமெரிக்கப் பெண்மணியின் கதையைக் கேட்டால் நீங்களும் இதை ஒப்புக்கொள்வீர்கள். அவர் பெயர் காதரின் பாவர்.

பணக்கார தேசத்தில் தகரக் குடிசை

1929 அக்டோபரில் நியூயார்க் பங்கு மார்க்கெட் சரிந்தது. பாங்குகள் மூடின, தொழிற்சாலைகள் படுத்தன. 1933-ல் நாலு தொழிலாளிகளில் ஒருவருக்கு வேலை இல்லை. வீட்டுக் கடன் தவணை கட்ட முடியாமல் அந்த வருஷம் நாளொன்றுக்குச் சுமார் ஆயிரம் வீடுகள் கைமாறின. வாடகைக்கு இருந்தவர்களோ சட்டி பானையுடன் நடைபாதைக்கு வந்தார்கள். பெட்டிப் பலகையையும் பழைய தகரத்தையும் கொண்டு ஊரோரங்களில் குடிசை போட்டார்கள். அந்தக் குடிசைப் பேட்டைகளுக்கு அப்போதைய ஜனாதிபதி ஹூவரின் பெயரை வைத்து "ஹூவர்வில்" என்று அழைத்தார்கள். ஜனாதிபதிக்கு இப்படியும் ஒரு ஞாபகச் சின்னம்!

"வேலை கிடைத்துவிட்டால் வீடும் தானே கிடைக்குமே?" என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் சங்கடம். நல்ல காலத்திலும் அடிமட்டக் கூலிக்காரனுக்கு நல்ல வீடு கிடைத்ததில்லை. 1940-ஆம் வருஷக் கணக்கெடுப்பிலேகூட அமெரிக்காவில் நூற்றுக்குச் சுமார் 45 வீடுகளில் குழாய்த் தண்ணீர், குளியல், கழிப்பறை மூன்றும் முழுமையாக இல்லை. மனை விலை, கட்டுமானச் செலவு, வட்டி, வரி, லாபம் எல்லாவற்றையும் கூட்டி வாடகை போட்டால் அது ஏழையின் சம்பளத்துக்கு எட்டாது. யாருடைய கொடுமையும் இல்லை. வெறும் கூட்டல் கணக்கு.

காலுறைத் தொழிலாளர் கட்டிய வீடுகள்

காதரின் 1905-ல் நியூ ஜெர்சி மாகாணத்தில் பிறந்தவர். கல்லூரிப் படிப்பு முடித்து ஐரோப்பா சென்றார். ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரில் சாதாரண உழைப்பாளிகளுக்காகக் கட்டியிருந்த வரிசை வீடுகளைக் கண்டு அசந்துபோனார். ஒவ்வொரு வீட்டுக்கும் வெயில், காற்று, வாசலில் தோட்டம்! ஊர் திரும்பி 1934-ல் "மாடர்ன் ஹவுஸிங்" என்ற புத்தகத்தை எழுதினார். அறிஞர்கள் பாராட்டினார்கள். ஆனால் பாராட்டு மழையில் நனைந்து ஒரு செங்கல்கூட எழும்பாது என்பது அவருக்குத் தெரியும்.

அதே வருஷம் பிலடெல்பியாவில் காலுறை நெய்யும் தொழிலாளர் சங்கத்தாருடன் சேர்ந்தார். அவர்கள் சர்க்காரிடம் கடன் வாங்கி 284 வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சங்கம் செய்த புத்திசாலித்தனமான காரியம் ஒன்று உண்டு: என்ன மாதிரி வீடு வேண்டும் என்று அங்கத்தினர்களையே முதலில் கேட்டது. 1935-ல் வீடுகள் திறக்கப்பட்டன. நீச்சல் குளம் இருந்தது. குழந்தைகள் பள்ளி இருந்தது. துணி துவைக்கும் அறைகள் மொட்டை மாடியில் இருந்தன. துணியையும் உலர்த்தலாம், நாலு வார்த்தையும் பேசலாம்!

எல்லாம் சரி; வாடகை? வேலை நிலைத்தவர்களுக்குச் சமாளிக்கக்கூடியது. வேலை இழந்தவர்களுக்கு வாசலில் நின்று பார்க்க மட்டுமே முடிந்தது. சர்க்கார் கடன் கொடுத்தால் மட்டும் போதாது, செலவில் ஒரு பங்கை ஏற்க வேண்டும் என்பது அப்போது தெளிவாயிற்று. அதற்குச் சட்டம் வேண்டும்.

மூன்று வருஷம் படியேறிய மசோதா

செனட் சபையில் இதற்கு ஒரு நண்பர் கிடைத்தார். நியூயார்க் பிரதிநிதி ராபர்ட் வாக்னர், எட்டு வயதில் ஜெர்மனியிலிருந்து வந்து, ஒண்டுக் குடித்தனக் கட்டடத்தில் வளர்ந்தவர். இருட்டு அறை எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

1935-ல் மசோதா வந்தது. ஒன்றல்ல, இரண்டு! சமூகத் தொண்டர்கள் எழுதியதை வாக்னர் கொண்டுவந்தார். காதரினின் தொழிலாளர் வீட்டு வசதி மகாநாடு எழுதியதை எலன்போகன் என்ற அங்கத்தினர் கீழ்ச் சபையில் கொண்டுவந்தார். நண்பர்களுக்குள்ளேயே போட்டி. இரண்டும் தேறவில்லை. 1936-ல் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கினார்கள். செனட் சபை ஒப்புக்கொண்டது. கீழ்ச் சபைக் கமிட்டியில் மசோதா உறங்கிப்போயிற்று. கமிட்டித் தலைவர் அலபாமாவைச் சேர்ந்த ஹென்றி ஸ்டீகல். கிராமப்புறத்துக்காரரான அவருக்கு இந்தப் பட்டணத்துத் திட்டத்தில் ருசி இல்லை. "சர்க்கார் வீட்டுக்காரராவது சோஷலிசம்" என்று மனை வியாபாரிகளின் சங்கமும் கடன் சங்கங்களும் வெளியே முழங்கின.

காதரின் சளைக்கவில்லை. ரயிலேறி ஊர் ஊராகத் தொழிற்சங்கக் கூட்டங்களுக்குப் போனார். கொத்தனாரிடமும் தச்சரிடமும், "இந்தச் சட்டம் உங்களுக்கு வீடும் தரும், வேலையும் தரும்" என்று எடுத்துச் சொன்னார். ஏற்கெனவே 1935-ல் அமெரிக்கத் தொழிற்சங்கச் சம்மேளனம் இந்தக் கொள்கையை ஆதரித்திருந்தது. இப்போது ஊருக்கு ஊர் கமிட்டிகள் முளைத்தன. தீர்மானங்களும் கடிதங்களும் தலைநகருக்குப் பறந்தன. அனுதாபத்தைத் தட்டிக் கழிக்கலாம். ஓட்டுச் சீட்டு கையில் உள்ளவனின் கடிதத்தைத் தட்டிக் கழிக்க முடியுமா?

1937 ஜனவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், தேசத்தில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் சரியான வீடும் உடையும் உணவும் இன்றி இருக்கிறார்கள் என்று பிரசங்கம் செய்தார். அவரே வற்புறுத்தியதும் ஸ்டீகல் இசைந்தார். ஆகஸ்டில் இரு சபைகளும் நிறைவேற்றின. செப்டம்பர் 1-ந் தேதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். மசோதாவை உறங்க வைத்தவரின் பெயரும் சேர்ந்து அது "வாக்னர்-ஸ்டீகல் சட்டம்" ஆயிற்று. அரசியலில் இதெல்லாம் சகஜம்!

குடும்பக் கணக்குப் போல

சட்டத்தின் சூட்சுமம் எளிது. ஊருக்கு ஊர் ஒரு வீட்டு வசதி ஸ்தாபனம் இருக்கும். தலைநகரம் 50 கோடி டாலர் வரை கடனுக்கு ஒதுக்கும். செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு வரை கடன். அறுபது வருஷத்தில் திருப்பிக் கொடுக்கலாம். அந்தத் தவணைக்கும் வருஷா வருஷம் தலைநகரமே உதவும். உள்ளூர் வரிச் சலுகை தரும். ஆகவே குடியிருப்பவர் பராமரிப்புச் செலவுக்கு வேண்டியதைக் கொடுத்தால் போதும். பணக்காரர் நுழைந்துவிடாமல் ஒரு தாழ்ப்பாளும் உண்டு: குடும்ப வருமானம் வாடகையைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் இருக்கக் கூடாது, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் இருந்தால் ஆறு மடங்கு. குழந்தை குட்டிக்காரர்களைச் சட்டம் மறக்கவில்லை, பாருங்கள்!

1939-ல் டெக்ஸாஸ் மாகாணத்து ஆஸ்டின் நகரில், இச்சட்டப்படி முதன்முதல் கட்டி முடித்த 40 வீடுகளில் மக்கள் குடியேறினார்கள்.

ஒரு வரி, ஒரு சுவர்

இத்துடன் "சுபம்" போட்டுவிட ஆசைதான். ஆனால் சட்டத்தை நிறைவேற்றக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும்.

ஒரு புது வீடு கட்டினால் ஒரு பாழடைந்த வீட்டை ஒழிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்ந்தது. அதனால் நல்ல வீடு வந்தது. வீடுகளின் எண்ணிக்கை பெருகவில்லை. செலவுக்கு உச்சவரம்பு கட்டி இன்னொரு வரி. அதனால் சில ஊர்களில் அலமாரிக்குக் கதவு இல்லை. நியூயார்க்கில் குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பில் லிப்ட் ஒரு மாடி விட்டு ஒரு மாடிதான் நின்றது. எழுதாமல் விட்ட வரியும் உண்டு: நிற பேதம் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆஸ்டின் நகரில் மெக்ஸிகோ வம்சத்தாருக்கு ஒரு குடியிருப்பு, நீக்ரோ மக்களுக்கு ஒன்று, வெள்ளையருக்கு ஒன்று என்று மூன்றாகப் பிரித்தே கட்டினார்கள்.

பராமரிப்புச் செலவை வாடகையிலேயே ஈடுகட்டு என்ற ஏற்பாடும் பின்னால் கடித்தது. கட்டடங்கள் பழசாகிச் செலவு ஏறியது. குடியிருப்பவர் வருமானம் ஏறவில்லை. 1969-ல் செனட்டர் எட்வர்ட் புரூக் கொண்டுவந்த திருத்தத்தால், வாடகை குடும்ப வருமானத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது என்று ஆயிற்று.

காதரின் இந்தக் குறைகளை மூடி மறைக்கவில்லை. தாம் பாடுபட்டுக் கொணர்ந்த திட்டம் தேங்கிக் கிடப்பதை 1957-ல் தாமே கட்டுரை எழுதிக் கண்டித்தார். 1964-ல் மலைப்பாதையில் உலாவச் சென்ற இடத்தில் விபத்தில் இறந்தார்.

நேயர்களே, வீடு கட்டும்போது கொத்தனார் பக்கத்திலேயே நின்று, சுவர் கோணுகிறதா என்று பார்க்கிறோம் அல்லவா? வீட்டு வசதிச் சட்டம் என்று எங்காவது பேச்சு வந்தால், அதன் ஒவ்வொரு வரியையும் அப்படியே பக்கத்தில் நின்று பாருங்கள். கோணலாக எழுதிய வரி அறுபது வருஷத்துக்குக் கோணலாகவே நிற்கும். அதற்குள் குடியிருக்கப் போவது ஏதோ ஒரு குடும்பம்.