தோட்டா மறுநிரப்பலும் பிரைமர் பாதுகாப்பும்

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளை உறையைத் துடைத்து, அதில் புதிய பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகியவற்றைப் பொருத்தி மீண்டும் பயன்படுத்துவதே மறுநிரப்பல். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் வேட்டைக்காரர்களும் இலக்குச் சுடுதலில் ஈடுபடுவோரும் இதனை வீட்டிலேயே செய்கின்றனர். செலவு குறைகிறது என்பதும், தம் துப்பாக்கிக்கு ஏற்றபடி தோட்டாவை அமைத்துக்கொள்ளலாம் என்பதும் அவர்கள் கூறும் காரணங்கள். புதிதாகத் தொடங்குபவர் பெரும்பாலும் அஞ்சுவது வெடிமருந்து டப்பாவைப் பார்த்துத்தான். ஆனால் மறுநிரப்பும் மேசையில் உள்ள பொருள்களில் தொட்டாற்சுருங்கி போன்றது பிரைமர்.

பிரைமரும் அதன் இயல்பும்

பிரைமர் என்பது சட்டைப் பொத்தானைவிடச் சிறிய ஓர் உலோகக் கிண்ணம். சிறியது 0.175 அங்குல விட்டமும் பெரியது 0.210 அங்குல விட்டமும் கொண்டவை. கிண்ணத்தின் அடியில் சில பத்து மில்லிகிராம் எரியூட்டிக் கலவை அழுத்தி வைக்கப்பட்டிருக்கும். அதன் மேல் பட்டடை எனத்தக்க ஒரு சிறு உலோகத் துண்டு அமர்ந்திருக்கும். துப்பாக்கியின் சுடும் ஊசி கிண்ணத்தைக் குத்தும்போது, கலவை ஊசிக்கும் பட்டடைக்கும் இடையே நசுங்கி வெடிக்கிறது. அத்தீ உறையின் அடியிலுள்ள துளை வழியே பாய்ந்து வெடிமருந்தைப் பற்றவைக்கிறது. தீபாவளிக்குச் சிறுவர்கள் பொம்மைத் துப்பாக்கியில் அடிக்கும் பொட்டு வெடியும் அடிபட்டு வெடிப்பதுதான். கலவையும் வலிமையும் வேறு.

தற்காலப் பிரைமர்களில் பெரும்பாலானவற்றின் முதன்மைப் பொருள் லெட் ஸ்டிஃப்னேட் என்னும் ஈயச் சேர்மம். அடி, உராய்வு, வெப்பம், நிலைமின் பொறி ஆகிய நான்கில் எதுவும் அதனை வெடிக்கச் செய்யலாம். ஆலைகளில் இக்கலவையை ஈரமாக வைத்தே கையாண்டு கிண்ணங்களில் இடுகின்றனர். உலர்ந்த பின்னரே அது முழு உணர்திறனை அடைகிறது. வாங்குபவரின் கைக்கு வருவது உலர்ந்த நிலையில்தான்.

இன்று துப்பாக்கிகளில் பயன்படும் புகையற்ற வெடிமருந்து திறந்த வெளியில் தீப்பட்டால் வேகமாக எரியும், அவ்வளவே. பிரைமர் கலவை எரிவதில்லை, வெடித்துச் சிதறுகிறது. ஒன்று வெடித்தால் அந்த அதிர்ச்சியும் தீயும் பக்கத்தில் இருப்பதையும் வெடிக்கச் செய்யும். பாதுகாப்பு விதிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு இயல்பிலிருந்தே பிறந்தவை.

வரலாறு

அடிபட்டால் வெடிக்கும் பொருளைக் கொண்டு துப்பாக்கியைச் சுடும் வழிக்கு 1807-இல் காப்புரிமை பெற்றவர் ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி ஊரைச் சேர்ந்த பாதிரியார் அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சைத். சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கியில் முதலில் எழும் பொறியைக் கண்டு நீர்ப்பறவைகள் தப்பிவிட்டதே அவரை இம்முயற்சியில் ஈடுபடுத்தியது என்பர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1800-இல், பாதரச ஃபல்மினேட் பற்றி ஆங்கில வேதியியலாளர் எட்வர்ட் ஹோவர்ட் அறிவித்திருந்தார்; அச்சோதனைகளில் அவரே காயமுற்றார்.

இன்றைய பிரைமர் வகைகள் இரண்டும் 1860-களில் தோன்றியவை. ஆங்கிலேயரான எட்வர்ட் பாக்சரின் வகையில் பட்டடை பிரைமருக்குள்ளேயே இருக்கும். உறையின் நடுவே ஒரே துளை. அமெரிக்கரான ஹைரம் பெர்டனின் வகையில் பட்டடை உறையின் பகுதியாக இருக்கும். துளைகள் பெரும்பாலும் இரண்டு. வேடிக்கை என்னவெனில், ஆங்கிலேயரின் வகை அமெரிக்காவிலும் அமெரிக்கரின் வகை ஐரோப்பாவிலும் நிலைத்துவிட்டன. பாக்சர் உறையில் நடுத்துளை வழியே ஊசியை விட்டுப் பழைய பிரைமரைத் தள்ளிவிடலாம். அமெரிக்காவில் வீட்டு மறுநிரப்பல் இவ்வளவு பரவியதற்கு இந்த எளிமையும் ஒரு காரணம்.

பெட்டியை மாற்றக் கூடாது

பிரைமர்கள் நூறு கொண்ட தட்டுகளாகவும், அத்தகைய பத்துத் தட்டுகள் கொண்ட ஆயிரத்தின் பெட்டியாகவும் விற்கப்படுகின்றன. பெட்டியைக் கையில் எடுப்பவருக்கு, உள்ளிருக்கும் பொருளுக்கு இவ்வளவு பெரிய அட்டை எதற்கு என்று தோன்றும். ஆயிரம் பிரைமர்களும் ஒரு சிறு கண்ணாடிப் புட்டியில் அடங்கிவிடும். அப்படிக் கொட்டி வைப்பதே இத்தொழிலில் செய்யக்கூடிய மிக ஆபத்தான செயல். தட்டில் ஒவ்வொரு பிரைமரும் தனிக்குழியில், பக்கத்தில் உள்ளதைத் தொடாதபடி அமர்ந்திருக்கிறது. இடைவெளி வீண் அன்று. ஒன்றின் வெடிப்பு அடுத்ததற்குத் தாவாமல் தடுக்கவே அது விடப்பட்டுள்ளது. புட்டியில் கொட்டிய ஆயிரமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடக்கும். ஒன்று வெடித்தால் சில பத்து கிராம் வெடிபொருள் ஒரே நொடியில் வெடிக்கும். கண்ணாடியோ தகரமோ சில்லுகளாகப் பறக்கும். அது கைக்குண்டேதான்.

ஆகவே 1926-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பான சாமி, பிரைமர்களை ஆலைப் பெட்டியிலேயே வைக்க வலியுறுத்துகிறது. அந்நாட்டின் தேசிய தீத்தடுப்புச் சங்கத்தின் 495-ஆம் விதித்தொகுப்பு ஒரு வீட்டில் வைக்கக்கூடிய அளவைப் பத்தாயிரம் பிரைமர்கள் என வரையறுக்கிறது. உள்ளூர்ச் சட்டம் இதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம். வெடிமருந்திலிருந்து விலக்கி, குளிர்ந்த, உலர்ந்த, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைப்பது பொது விதி.

பொருத்தும்போது

ஒரு மேசையில் ஒரு நேரத்தில் ஒரே வகைப் பிரைமர்தான் இருக்க வேண்டும். சிறிய ரைபிள் பிரைமரும் சிறிய பிஸ்டல் பிரைமரும் விட்டத்தில் ஒன்றே. ஆனால் ரைபிளுக்கு உரியதன் கிண்ணச் சுவர் தடித்தது. மெல்லிய பிஸ்டல் பிரைமரை உயர் அழுத்த ரைபிள் தோட்டாவில் இட்டால் கிண்ணம் துளைபட்டு, சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரக்கூடும். பெரிய அளவில் ரைபிள் பிரைமர் பிஸ்டலுக்கு உரியதைவிட உயரமானது. பிஸ்டல் உறையில் அது துருத்திக்கொண்டு நிற்கும்.

கைப்பிடியை இழுக்க இழுக்கத் தோட்டா ஆகி விழும் தொடர் இயந்திரங்களில் நூறு பிரைமர்கள் ஒரு குழாயில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. ஆலை பிரித்து வைத்ததை இங்கே இயந்திரம் மீண்டும் சேர்க்கிறது. சாய்ந்தோ தலைகீழாகவோ ஒரு பிரைமர் சிக்கும்போது கைப்பிடி கனக்கும். அப்போது நிறுத்திப் பார்க்காமல் பலங்கொண்டு அழுத்தினால் அந்த ஒன்று நசுங்கி வெடித்து, குழாயில் உள்ள அனைத்தையும் கிளப்பிவிடலாம். இதனால்தான் பல இயந்திரங்களில் குழாயைச் சுற்றி எஃகுக் கவசம் உண்டு. கண்ணாடி அணியாமல் இவ்வேலையில் இறங்குவது பேதைமை. பிரைமர்களிலிருந்து உதிரும் நுண்துகளும் வெடிபொருளே. தட்டிலும் குழாயிலும் அது சேரவிடாமல் துடைத்தெடுக்க வேண்டும். இராணுவ உறைகளில் பிரைமரைச் சுற்றி உலோகம் அழுத்தி மடிக்கப்பட்டிருக்கும். அம்மடிப்பை நீக்காமல் புதிய பிரைமரைத் திணிப்பதும் நசுங்கலில் முடியும்.

பொருத்திய பிரைமர் உறையின் அடித்தளத்துக்கு 0.003 முதல் 0.005 அங்குலம் வரை உள்ளே தாழ்ந்திருக்க வேண்டும். எம்1 கேரண்ட், எஸ்கேஎஸ் போன்ற துப்பாக்கிகளில் சுடும் ஊசியைப் பின்னிழுத்துப் பிடிக்கும் வில் பொதுவாக இருப்பதில்லை. தோட்டா அறைக்குள் ஏறும் வேகத்திலேயே ஊசி பிரைமரை இலேசாகத் தொடும். துருத்தி நிற்கும் பிரைமராக இருந்தால், விசையைத் தொடாமலேயே துப்பாக்கி வெடித்துவிடலாம். விரல் நுனியால் தடவிப் பார்த்தாலே துருத்தல் தெரிந்துவிடும். பலர் தவறவிடுவதும் இந்தச் சிறு சோதனையைத்தான். துருத்திய பிரைமரை, மருந்தும் குண்டும் ஏற்றி முடித்த தோட்டாவில் மீண்டும் அழுத்திச் சரிசெய்ய முயலக் கூடாது.

வெடிக்காத பிரைமரை எண்ணெயில் ஊறவைத்தால் செத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அதை நம்ப முடியாது. ஊறிய பிரைமரும் வெடிக்கலாம். வெற்று உறையில் பொருத்தித் துப்பாக்கியில் வைத்துச் சுட்டுவிடுவது நம்பகமான வழி. அளவு மிகுதியாக இருந்தால் உற்பத்தியாளரைக் கேட்க வேண்டும்.

வெடித்த பின்

சுட்டு முடித்த பிரைமரிலும் ஈயம் தங்கியிருக்கும். உறைகளை உலர்முறையில் உருட்டித் துடைக்கும்போது எழும் தூசியில் அது கலந்து வீட்டுக் காற்றில் பரவும். மேசையருகே உண்பதும் புகைப்பதும் கூடாது. வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். இரைச்சலோ காயமோ இல்லாத இத்தீங்கு தவழும் குழந்தை உள்ள வீட்டில் மிகவும் கவனிக்கத்தக்கது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கிறது.

இந்தியாவில் 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் தோட்டாவின் பாகங்களையும் அதனைச் செய்யும் இயந்திரங்களையும் தோட்டா என்ற சொல்லுக்குள்ளேயே அடக்குகிறது. உரிமம் இன்றித் தோட்டா தயாரிப்பது அச்சட்டப்படி குற்றமாகும்.