மழை பறித்த சீசனும் ஜகாத்தின் கடனாளிகள் பங்கும்

12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-ல் மூணாறு மலைகளில் பூத்தது. விடுதிக்காரர், ஜீப் ஓட்டுநர், தேநீர்க் கடைக்காரர் எனப் பலரும் அந்த சீசனை எதிர்பார்த்திருந்தார்கள். ஆகஸ்டில் பெருமழை கொட்டியது. மண்சரிவால் சாலைகள் துண்டிக்கப்பட்டன. பெரியவரை பாலம் இடிந்து, மறையூர் வழியாக உடுமலை செல்லும் பாதையும் அடைபட்டது. கொச்சி விமான நிலையம் இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. கேரளத்தில் 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

உயிரிழப்புக்கு எந்த நட்டமும் ஈடாகாது. ஆனால் பிழைத்தவர்களின் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே! அங்கே அடுத்த குறிஞ்சிப் பூப்பு 2030-ல்தான்.

அரிசி வியாபாரி இன்று விற்காத மூட்டையை நாளை விற்கலாம். நேற்று காலியாகக் கிடந்த அறையை இன்று விற்க முடியாது. சில மாத வருமானத்தில்தான் ஆண்டு முழுவதும் குடும்பம் நடக்கிறது. விடுதிச் சுவரில் ஒரு கீறல் விழாவிட்டாலும், பாதை அடைபட்டால் ஆள் வராது. மழை நின்றாலும் வண்டிக் கடனின் வட்டி நிற்பதில்லை.

நபி யூசுஃப் (அலை) அவர்கள் ஏழு செழிப்பான ஆண்டுகளின் விளைச்சலைக் கதிரோடு சேமிக்கச் சொன்னார்கள். பின்னர் வந்த ஏழு பஞ்ச ஆண்டுகளை மக்கள் அதைக் கொண்டே கடந்தார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். எனவே சீசன் வருமானத்தில் ஒரு பகுதியை ஒதுக்குவதும், வட்டிக் கடனை நம்பித் தொழிலைப் பெருக்காமல் இருப்பதும், மழைக்காலத்துக்கென வேறொரு கைத்தொழில் வைத்திருப்பதும் தவக்குலுக்கு முரணானவை அல்ல.

பயணம் போகும் நமக்கும் பொறுப்பு உண்டு. மழையால் போக முடியாதபோது, முன்பணத்தை உடனே திருப்பிக் கேட்காமல் வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம். சிரமத்தில் இருப்பவருக்கு அவகாசம் தரச் சொல்கிறது குர்ஆன்.

ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடனாளிகளும் உண்டு. ஹலாலான தேவைக்குக் கடன்பட்டு, அடைக்க வழியின்றித் தவிப்பவர் அந்த வகையில் வருவார். வாசலில் ஜீப் நிற்பதால் அவரை யாரும் ஏழையாகப் பார்ப்பதில்லை. அவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. மஹல்லா ஜமாஅத்தும் பைத்துல் மாலும் ஆலிம்களிடம் ஆலோசித்து, அத்தகையவர்களைத் தேடிக் கண்டறிய வேண்டும்.

அல்லாஹ் நம் அனைவரின் ரிஸ்கிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.