பாவ் செய்த புண்ணியம்!

மும்பையில் காலைப் பலகாரம் சாப்பிட நாற்காலி வேண்டாம். ஒரு கை போதும். இன்னொரு கை ரயில் கம்பியைப் பிடிக்க வேண்டுமே!

ரொட்டியைப் பிளந்து நடுவில் எதையாவது வைத்தால் அதற்கு சாண்ட்விச் என்று இங்கிலீஷ்காரன் பெயர் வைத்தான். அதைக் கையில் ஏந்தியபடி ஒரு ஊரே காலையில் ஓடுகிற காட்சியைப் பார்க்க வேண்டுமானால் மும்பைக்குத்தான் போக வேண்டும். (நம்மவர்கள் பலருக்கு அது இன்னமும் பம்பாய்!) போன முறை ஒரு வாரம் அங்கே தங்க நேர்ந்தபோது, 'இந்த ஊரின் தலைசிறந்த காலை சாண்ட்விச் எது?' என்று தீர்ப்பு எழுதிவிட்டுத்தான் ரயில் ஏறுவது என்று முடிவு கட்டினேன்.

தங்கியது சயானில், சித்தப்பா வீட்டில். திருநெல்வேலியை விட்டு வந்து நாற்பது வருஷமாகியும் பேச்சு மாறாத மனிதர்.

"ஏலே, பக்கத்துல மாதுங்கா இருக்கு. ஆவி பறக்க இட்லி கிடைக்கு. அதை விட்டுட்டு பன்னுக்கு அலையுதியே!"

"இட்லி நம்ம ஊர்லயே இருக்கே சித்தப்பா."

"அப்ப சரி. வயித்துக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா சித்திகிட்ட மட்டும் சொல்லிராத. கஞ்சி காய்ச்சி என்னையும் குடிக்க வச்சிருவா."

அடியேன் பி.காம். எதையும் பேரேட்டில் ஏற்றாமல் நம்புகிற ஜாதி இல்லை. ஒரு நோட்டில் நாலு கட்டம் போட்டேன். விலை, கைக்கு வந்து சேர ஆகும் நேரம், எத்தனை கை தேவை, அடுத்த பசி எத்தனை மணிக்கு. ருசிக்குத் தனிக் கட்டம் போடவில்லை. அதை நாக்கே ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

முதல் வேட்பாளர், மசாலா டோஸ்ட் சாண்ட்விச். கோட்டைப் பகுதியில் ஆபீஸ் கட்டடங்களுக்கு வெளியே தள்ளுவண்டி. வெண்ணெய், பச்சைச் சட்னி, உருளைக்கிழங்கு மசாலா, வெங்காயம், தக்காளி, குடமிளகாய் எல்லாவற்றையும் இரண்டு ரொட்டித் துண்டுகளுக்குள் அடுக்கி, நீளக் கைப்பிடி வைத்த இடுக்கியில் பூட்டி, நெருப்பில் வாட்டித் தருகிறார்கள். விலை அறுபது ரூபாய். நேரம் ஏழு நிமிஷம். இரண்டு கையும் வேண்டும். சட்டைக்கு உத்தரவாதம் கிடையாது. ஜோரான ருசிதான். ஆனால் ஏழு நிமிஷத்தில் இந்த ஊரில் இரண்டு மின்சார ரயில் போய்விடும். சாயங்காலத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

இரண்டாவது, இரானி ஹோட்டல் பன் மஸ்கா. இரானிலிருந்து வந்த ஜொராஸ்ட்ரியர்கள் தொடங்கிய கடைகள் இவை. மரைன் லைன்ஸ் பக்கத்தில் இருக்கும் கயானி கடை 1904-ல் ஆரம்பித்தது. பன்னைப் பிளந்து வெண்ணெய் தடவுவார்கள். அதே வெண்ணெயை மேல்தோல் முறுகலாக இருக்கும் ரொட்டியில் தடவினால் புரூன் மஸ்கா. டீயில் முக்கினால்தான் பல்லுக்கு வழிவிடும். அருமை! ஆனால் இதற்கு நாற்காலி வேண்டும், மேஜை வேண்டும், பேப்பர் வேண்டும், முக்கியமாக அவசரமில்லாத மனசு வேண்டும். ரிட்டையர் ஆனவர்களுக்குச் சிபாரிசு செய்கிறேன்.

மூன்றாவது, ஆம்லெட் பாவ். பசி தாங்குவதில் இதுதான் முதல் ரேங்க். மதியம் ஒரு மணி வரை வயிறு வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஊரில் சைவம் சாப்பிடுகிறவர்களும் நிறைய இருப்பதால் போட்டியிலிருந்து பாதியிலேயே விலக வேண்டியதாகிவிட்டது.

நான்காவது யார் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். சாட்சாத் வடா பாவ்!

உருளைக்கிழங்கு மசாலாவை உருட்டி, கடலை மாவில் தோய்த்துப் பொரித்த வடை. நம் போண்டாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதைப் பிளந்த பாவுக்குள் வைத்து, காய்ந்த பூண்டுச் சட்னியைத் தூவி, பக்கத்தில் பொரித்த பச்சை மிளகாய் ஒன்றை வைத்துப் பேப்பரில் சுற்றிக் கொடுக்கிறார்கள். நான் கொடுத்தது இருபது ரூபாய். நேரம் அரை நிமிஷம். ஒரே கை.

1966-ல் தாதர் ஸ்டேஷன் வாசலில் அசோக் வைத்யா என்பவர் ஆரம்பித்து வைத்ததாகத்தான் ஊரில் சொல்கிறார்கள். அப்போது பரேல், லால்பாக் பக்கமெல்லாம் துணி மில்கள். ஷிஃப்டுக்கு ஓடுகிறவனுக்கு உட்கார நேரமில்லை, தட்டுக் கழுவக் கடைக்காரருக்கு இடமில்லை. இரண்டு கஷ்டத்துக்கும் ஒரே மருந்தாக வந்தது இது. 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். பல மில்கள் அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை. வேலை போனவர்களில் சிலர் எந்தப் பலகாரத்தைச் சாப்பிட்டு ஷிஃப்டுக்குப் போனார்களோ, அதையே வண்டியில் வைத்து விற்கக் கிளம்பினார்கள்.

நோட்டுப்படி வடா பாவ் ஜெயித்தாயிற்று. ஆனால் விஷயம் அங்கே முடியவில்லை.

தாதரில் இரண்டு கடை. இரண்டுக்கும் நடுவே நாற்பது அடி கூட இருக்காது. வடை இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஒன்றைச் சாப்பிட்டதும் இன்னொன்று கேட்கத் தோன்றியது. மற்றதை முடிக்கத் தண்ணீர் கேட்க வேண்டியிருந்தது. மூன்று நாள் மாற்றி மாற்றிச் சாப்பிட்டும் புரியவில்லை. நாலாம் நாள் முதல் கடைக்காரரிடமே கேட்டுவிட்டேன்.

சிரித்தார். "சாப், வடையை நான் போடறேன், பேரும் எனக்குத்தான். பாவை ஒரு ஆள் சைக்கிள்ல கொண்டு வந்து போட்டுட்டுப் போயிடறான். அவனை யாரும் பார்க்கறதில்லை. என்கிட்ட அஞ்சு மணிக்குச் சுட்டது ஆறு மணிக்கு வந்துடும். அங்கே இருக்கிறது நேத்து ராத்திரி சரக்கு."

நம் ஊர் பாஷையில் சொன்னால், எல்லாரும் சாம்பாரைப் புகழ்கிறோம், இட்லி மாவு அரைத்தவரைக் கேட்பதில்லை!

பாவ் என்ற பெயரே ரொட்டிக்குப் போர்ச்சுகீசியர்கள் சொல்லும் வார்த்தையிலிருந்து வந்தது. ஈஸ்ட் கிடைக்காத கோவாவில் அவர்கள் கள்ளை ஊற்றி மாவைப் புளிக்க வைத்தார்கள். அங்கிருந்து மும்பைக்கு வந்த பேக்கரிக்காரர்கள் பாவையும் கூடவே கொண்டு வந்தார்கள். உருளைக்கிழங்கும் மிளகாயும்கூட போர்ச்சுகீசியக் கப்பலில் வந்து இறங்கியவைதான். மராத்திக்காரர் உருளைக்கிழங்கை இன்றும் 'பட்டாட்டா' என்றுதான் சொல்கிறார்.

அந்த சைக்கிள்காரரை மறுநாள் பிடித்தேன். மாஹிம் பக்கம் ஒரு சந்துக்குள் அழைத்துப் போனார். உள்ளே செங்கல் அடுப்பு. அறை மாதிரி பெரிசு. விறகை எரித்துச் செங்கல்லைச் சூடேற்றி, நெருப்பை ஒதுக்கிவிட்டு, நீளமான மரத் துடுப்பால் தட்டுகளை உள்ளே தள்ளுகிறார்கள். மாவு உருண்டைகளை ஒட்டி ஒட்டி அடுக்குவதில்தான் சூட்சுமம். வெந்து உப்பும்போது ஒன்றை ஒன்று நெருக்கிக்கொள்ளும். அதனால் பக்கங்களில் தோல் கட்டாது, பஞ்சாக இருக்கும். மேலே மட்டும் சிவக்கும். இப்படி ஒட்டி வரும் பாளத்துக்கு 'லாதி' என்று பெயர். தனித்தனியாக வைத்துச் சுட்டால் சுற்றிலும் தோல் தடித்துப் புரூன் மாதிரி ஆகிவிடும்.

அங்கேதான் அடுத்த கதை காதில் விழுந்தது. 2025 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகள் ஆறு மாதத்துக்குள் கேஸ் மாதிரி புகை குறைந்த எரிபொருளுக்கு மாற வேண்டும். காரணம், நகரத்தின் காற்று. செலவு தாங்காது, அவகாசம் வேண்டும் என்று பேக்கரிக்காரர்கள் முறையிட்டார்கள்.

"விறகு போனா ருசி போயிடுமா?" என்று முதலாளியிடம் கேட்டேன்.

"வெளியில அப்படித்தான் சொல்றோம்" என்றார், கொஞ்சம் யோசித்துவிட்டு. "நிஜம் என்னன்னா, புகையை முதல்ல குடிக்கறது நாங்கதான். அடுப்பு மாத்தறது தப்பில்லை. பணம் எங்கே? கையிருப்பு உள்ளவன் மாத்திடுவான். என்னை மாதிரி ஆள் கதவைச் சாத்திட்டு ஊருக்குப் போகணும்."

அவர் சொன்னதைச் சோதித்தும் பார்த்தேன். கேஸ் அடுப்புக்கு மாறிவிட்ட ஒரு பேக்கரியில் சுடச்சுட வாங்கிச் சாப்பிட்டேன். சத்தியமாக வித்தியாசம் தெரியவில்லை. அதே பாவை மறுநாள் காலையில் சித்தப்பாவிடம் நீட்டினேன். "இதை வச்சு செவுரு பூசலாம்லே" என்றார்!

ஆக, ருசி விறகில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. சந்துக்குள் பேக்கரி இருக்கும்வரை ஒரு மணி நேரத்தில் பாவ் வண்டிக்கு வந்துவிடும். சின்ன பேக்கரிகள் மூடிவிட்டால் எங்கோ ஊருக்கு வெளியே பெரிய தொழிற்சாலையிலிருந்து பிளாஸ்டிக் பையில் வரும். வடை அதேதான், சட்னி அதேதான். ஆனால் சாப்பிட்டவர் தண்ணீர் கேட்பார். இருபது ரூபாயில் காலையை ஓட்டுகிறவருக்கு அது சின்ன நஷ்டம் இல்லை. காற்றும் சுத்தமாக வேண்டும், சந்து பேக்கரியும் பிழைக்க வேண்டும் என்றால், புது அடுப்புக்குச் சின்ன முதலாளிக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்க வேண்டும். இது பி.காம். மூளைக்குக்கூட எட்டுகிற கணக்குதான்.

என் தீர்ப்பு இதோ. மும்பையின் தலைசிறந்த காலை சாண்ட்விச் வடா பாவ். எந்தக் கடையில்? பேக்கரிக்குப் பக்கத்தில் இருக்கிற கடையில்!

அடுத்த தடவை அங்கே போனால் வடையைப் பார்க்காதீர்கள், பாவைப் பாருங்கள். (மார்கழிப் பாவை இல்லை ஸார்!) விரலால் லேசாக அமுக்குங்கள். அமுங்கி உடனே எழுந்தால் இன்றைய சரக்கு. குழி விழுந்து அப்படியே இருந்தாலோ, ஓரம் உதிர்ந்தாலோ நகர்ந்துவிடுங்கள். "பாவ் எப்போ வந்தது?" என்று கேளுங்கள். நேரத்தைச் சட்டென்று சொல்கிறவர் கடையில் தைரியமாகச் சாப்பிடலாம்.

விலை இரண்டு ரூபாய் ஏறியிருந்தால் முணுமுணுக்காமல் கொடுத்துவிடுங்கள். அது வடைக்கு இல்லை, பாவுக்கு.