கையால் தீட்டிய படம்: யார் கை, எந்தக் காலத்துக் கை?

"விக்டோரியா காலத்துப் புத்தகப் படம், கையால் வண்ணம் தீட்டியது." பழம்பொருள் கடைகளிலும் இணையக் கடைகளிலும் இப்படியொரு விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். அழகாகச் சட்டம் போட்டிருப்பார்கள். விலையும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். விளம்பரத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால், வண்ணம் தீட்டியது யார், எப்போது என்பதை மட்டும் அது சொல்வதில்லை. வாங்கும் முன் நாம் கேட்க வேண்டியது அதைத்தான்.

விக்டோரியா மகாராணியார் இங்கிலாந்தை ஆண்டது 1837 முதல் 1901 வரை. அந்தக் காலத்தின் தொடக்கத்தில் புத்தகத்துக்கு வண்ணப் படம் வேண்டுமென்றால், பெரும்பாலும் கைவேலைதான். முதலில் படத்தைக் கறுப்பு மையில் அச்சடிப்பார்கள். பிறகு ஒவ்வொரு தாளிலும் நீர்வண்ணத்தைத் தூரிகையால் பூசுவார்கள். மாதிரிப் படம் ஒன்று முன்னால் இருக்கும். அதைப் பார்த்து ஒருவர் நீலத்தைப் பூசித் தள்ளுவார். அடுத்தவர் சிவப்பைப் பூசுவார். இந்தக் கூலி வேலையைப் பெண்களும் சிறுவர்களும் பெருமளவில் செய்தனர்.

சார்ல்ஸ் டிக்கன்ஸ் எழுதிய 'எ கிறிஸ்மஸ் கேரல்' இதற்கு நல்ல உதாரணம். 1843 டிசம்பர் 19ஆம் தேதி வெளிவந்த அந்தப் புத்தகத்தில் ஜோன் லீச் வரைந்த 8 படங்கள் இருந்தன. அவற்றில் நான்குக்குக் கையால் வண்ணம் தீட்டப்பட்டது. முதலில் அச்சடித்தவை 6,000 பிரதிகள். கணக்குப் போட்டால், தூரிகை பட்ட படங்கள் 24,000! அத்தனை பிரதிகளும் கிறிஸ்மஸுக்கு முன்பே விற்றுத் தீர்ந்தன. ஆனால் விலை 5 ஷில்லிங்தான். வண்ணப் படம், தங்கப்பூச்சு ஓரம் என்று தயாரிப்புச் செலவோ அதிகம். 1,000 பவுண்ட் லாபம் வரும் என்று நம்பியிருந்த டிக்கன்ஸுக்கு அந்த 6,000 பிரதிகளில் கிடைத்தது சுமார் 230 பவுண்ட். ஓவியர் லீச்சின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. வண்ணம் தீட்டியவர்களின் பெயர்கள் இல்லை.

அதேவேளை, விக்டோரியா காலப் படங்கள் எல்லாமே வண்ணத்தில் வந்தவை அல்ல. 1865இல் வெளிவந்த 'ஆலிஸின் அற்புத உலகம்' கதைக்கு ஜோன் டென்னியல் வரைந்த 42 படங்களும் கறுப்பு வெள்ளைதான். அவர் வரைந்ததை டால்சியல் சகோதரர்களின் பட்டறை மரக்கட்டையில் செதுக்கியது. கட்டை தேயாமல் இருக்க, அதிலிருந்து உலோகப் பிரதி எடுத்து, அதைக் கொண்டே அச்சடித்தார்கள். அந்த மரக்கட்டைகள் 1985இல் லண்டன் வங்கி ஒன்றின் பாதுகாப்பறையில் கிடைத்தன.

ஆலிஸுக்கு நிறம் வந்தது பின்னால்தான். சிறு பிள்ளைகளுக்காக 1890இல் வெளிவந்த 'நர்சரி ஆலிஸ்' பதிப்புக்கு, டென்னியலே 20 படங்களுக்கு வண்ணமிட்டார். அச்சடித்தவர் எட்மண்ட் எவன்ஸ். நிறத்துக்கு ஒரு கட்டை என்று பல கட்டைகளை வைத்து அச்சிடுவதில் பேர்போனவர் அவர். முதலில் அச்சான 10,000 பிரதிகளின் நிறம் கண்ணைப் பறிக்கிறது என்று கதாசிரியர் லூயிஸ் கேரல் ஒதுக்கிவிட்டார். அந்தப் பதிப்பில் ஆலிஸின் உடை மஞ்சள். இன்று பலர் மனத்தில் பதிந்திருக்கும் நீல உடையைப் பிரபலமாக்கியது 1951இல் வந்த டிஸ்னி படம். ஆகவே, நீல உடை ஆலிஸைக் காட்டி "1865ஆம் ஆண்டின் அசல் வண்ணம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்று 'கையால் தீட்டியது' என்ற பெயரில் மூன்று வகைப் படங்கள் விற்கப்படுகின்றன. முதலாவது, புத்தகம் வெளிவந்த காலத்திலேயே வண்ணம் தீட்டப்பட்டது. இரண்டாவது, பழைய கறுப்பு வெள்ளைத் தாளில் அண்மையில் வண்ணம் பூசப்பட்டது. தாளுக்கு வயது நூறுக்கு மேல், வண்ணத்துக்கு இரண்டு வயதுகூட இருக்காது. மூன்றாவது, பழைய படத்தைப் பார்த்து இன்றைய ஓவியர் புதிதாகத் தீட்டிய நகல்.

ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் ஓரளவு சோதித்துப் பார்க்கலாம். நிறம் முழுவதும் ஒழுங்கான சின்னஞ்சிறு புள்ளிகளாகத் தெரிந்தால், அது இயந்திர அச்சு. கைவேலையாக இருந்தால் வண்ணம் கோட்டைத் தாண்டிச் சற்று வழிந்திருக்கும். ஓரத்தில் தேங்கி அடர்ந்திருக்கும். ஆனால் கண்ணாடி தூரிகையைத்தான் காட்டும், வருடத்தைக் காட்டாது. அதனால் விற்பவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தாள் எந்த ஆண்டுடையது? வண்ணம் எப்போது தீட்டப்பட்டது? படம் எந்தப் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டது? மூன்றாவது கேள்விக்குக் காரணம் உண்டு. படங்களைத் தனித்தனியே விற்பதற்காக நல்ல பழைய புத்தகங்களையே பிரித்துப் போடுகிறார்கள்.

நகல் வாங்குவதில் தவறே இல்லை. டென்னியல் 1914இல் காலமானார். அவருடைய படங்களுக்குக் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. பிள்ளைகள் அறைக்கு நீங்களே ஒன்றைப் பார்த்துத் தீட்டி மாட்டலாம். ஆனால் படத்தின் பின்புறம் உங்கள் பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். அந்த 24,000 படங்களுக்கு வண்ணம் தீட்டியவர்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு அது. நாளை அதை வாங்குபவரும் ஏமாறமாட்டார்.