வடிவமைப்பும் பயன்கலையும்

மேல்நிலைக் கல்வியை முடிக்கும் மாணவர் ஒருவர் கல்லூரியில் வடிவமைப்புப் பயில விரும்புவதாகக் கூறினால், “உனக்கு நன்றாக வரைய வருமா?” என்பதே வீட்டார் கேட்கும் முதல் வினா. “வரைந்தால் வயிறு நிறையுமா?” என்பது அடுத்த வினா. இரண்டாம் வினாவிற்கு அச்சு, நெசவு, விளம்பரம், திரைப்படம், ஊர்தி, கைப்பேசி எனப் பல துறைகள் விடை கூறும். முதல் வினாவே நின்று ஆராயத்தக்கது. வரையத் தெரிந்தவர் எல்லாரும் வடிவமைப்பாளர் ஆவதில்லை.

ஓவியர் தம் மனத்தில் எழுந்ததைத் தாம் விரும்பியவாறு தீட்டலாம். மருந்துப் புட்டியில் ஒட்டும் பெயர்ச்சீட்டை வடிவமைப்பவருக்கு அவ்வுரிமை இல்லை. பார்வை மங்கிய முதியவர் ஒருவர் இரவில் அதனைப் படிக்க நேரும். எழுத்தின் அளவையும் நிறத்தையும் அவரை எண்ணியே முடிவுசெய்தல் வேண்டும். இவ்வாறு பிறருடைய பயன்பாட்டை முதன்மையாகக் கொண்ட கலைகளைப் பயன்கலைகள் என்பர்.

குடத்தின் கழுத்து

இந்திய அரசின் அழைப்பை ஏற்று வந்த அமெரிக்க வடிவமைப்பு இணையர் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் ஆகியோர், தாம் கண்டவற்றை 1958ஆம் ஆண்டில் அறிக்கையாக அளித்தனர். நாட்டில் பார்த்த பொருள்களுள் அவர்கள் மிகவும் வியந்து எழுதியது, வீடுதோறும் புழங்கும் சிறிய செம்பினையே. அதில் எவ்வளவு நீர் கொள்ளவேண்டும், எத்தகைய கை அதனை எடுக்கும், நிறைந்திருக்கும்போதும் ஒழிந்திருக்கும்போதும் எவ்வாறு நிலைகொள்ளும், எப்படிக் கழுவப்படும், என்ன விலையாகும் என்று வினாக்களை அடுக்கி, தனி ஒருவர் அமர்ந்து இவை அனைத்திற்கும் விடை கண்டிருக்க இயலாது, பல தலைமுறையினர் சேர்ந்தே அவ்வடிவத்தை உருவாக்கினர் என்று அவர்கள் கருதினர். அவ்வறிக்கையைத் தொடர்ந்து 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது.

தமிழகத்துத் தண்ணீர்க் குடத்தையும் இவ்வாறே நோக்கலாம். குறுகிய கழுத்து நீர் தளும்பிச் சிந்துவதைக் குறைக்கிறது. இடுப்பில் வைக்கும்போது வளைத்துப் பிடிக்கக் கைக்கு இடம் தருகிறது. விரிந்த விளிம்பு தூக்குவதற்குப் பிடியாகிறது. மண்ணில் வனைந்த குடம் பித்தளைக்கு மாறியது. பின்னர் நெகிழிக்கும் மாறியது. நெகிழியை எந்த வடிவிலும் வார்க்கலாம். எனினும் குழாயடியில் வரிசையாக நிற்கும் வண்ண வண்ண நெகிழிக் குடங்கள் பழைய கழுத்தையும் விளிம்பையும் விட்டுவிடவில்லை. சுமப்பவரின் இடுப்பும் கையும் மாறாதவரை அவை மாறுவதற்குக் காரணமும் இல்லை.

சென்னையில் ஒரு பள்ளி

கலையையும் தொழிலையும் ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்கும் முயற்சி சென்னையில் 1850ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் அறுவை மருத்துவர் நிறுவிய கலைப்பள்ளியை அரசு பின்னர் ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகிறது. மெரினா கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி இதன் முதல்வராகப் பணியாற்றியவர்.

சிலையைப் பலரும் அறிவர். அடுக்களையை மாற்றிய மற்றொரு பணி இங்கு நடந்ததை அறிந்தோர் குறைவு. பித்தளை, செம்புப் பாத்திரங்களில் புளி சேர்த்துச் சமைத்தால் களிம்பேறும். அதனைத் தடுக்க அவ்வப்போது ஈயம் பூசவேண்டும். ஈயப்பூச்சு தேவைப்படாததும் எடை குறைந்ததுமான அலுமினியத்தில் பாத்திரம் செய்யும் முயற்சியை, ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்னும் பொறியாளர் 1898இல் இப்பள்ளியில் தொடங்கினார். அது பின்னர் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. ஓர் ஓவியப் பள்ளிக்குப் பாத்திரத்தோடு என்ன தொடர்பு என்று கேட்பவர், பயன்கலையின் பொருளை இன்னும் உணராதவரே.

கை கற்பது

வடிவமைப்புக் கல்லூரிகளின் முதலாண்டு, பெரும்பாலும் எதையும் ‘படைப்பதற்கு’ முந்திய அடிப்படைப் பயிற்சியிலேயே கழியும். கோடு, நிறம், ஒளி, நிழல், மரம், களிமண், கம்பி, காகிதம் ஆகியவற்றோடு கை பழகவேண்டும். இம்முறைக்கு வழிகாட்டியவற்றுள் ஒன்று, செருமனியின் வைமார் நகரில் 1919இல் வால்டர் குரோப்பியசு தொடங்கிய பௌகவுசு பள்ளி. அங்கு யோசப் ஆல்பர்சு என்னும் ஆசிரியர் செய்தித்தாள்களைக் கொடுத்து, வீணாக்காமல் ஏதேனும் செய்யுமாறு கூறிச் சென்றார். மாணவர்கள் கோட்டைகளும் முகமூடிகளும் விமானங்களும் செய்தனர். அவற்றை வேறு பொருளிலும் செய்யலாமே என்றார் ஆசிரியர். ஒரு மாணவர் தாளை மடித்து நிமிர்த்தி நிறுத்தியிருந்தார், அவ்வளவே. வளைந்து விழும் தாள், மடிப்பினால் வலிமை பெற்று நின்றதை ஆசிரியர் பாராட்டினார் என அவ்வகுப்பில் பயின்ற ஒருவர் நினைவுகூர்ந்துள்ளார்.

வகுப்பில் ஒவ்வொருவர் படைப்பும் சுவரில் மாட்டப்பட்டு, அனைவர் முன்னிலையிலும் ஆராயப்படும். பல இரவுகள் விழித்துச் செய்தது அரைமணி நேரத்தில் தள்ளப்படுவதுண்டு. அதனைத் தாங்கி மறுநாள் மீண்டும் தொடங்கப் பழகுவது, எழுதப்படாத பாடத்திட்டத்தின் பெரும்பகுதி.

படிக்கத் தெரியாதவருக்கும்

இவ்வளவு கடுமை எதற்கு என்பதற்கு மின்னணு வாக்குப்பதிவு எந்திரமே சான்று. அதன் வடிவமைப்பில் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் தொழில் வடிவமைப்பு மையப் பேராசிரியர்கள் பங்கேற்றனர். எழுத்தறியாதவருக்குப் பெயரின் அருகே சின்னம் உண்டு. சின்னத்திற்கு நேராக நீலப் பொத்தான் உண்டு. அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரிகிறது, ஒலி எழுகிறது. பார்வையற்றோருக்குப் பொத்தான் அருகே பிரெய்ல் எண் உள்ளது. பொத்தான் சற்று விலகியிருந்தால்கூட ஒருவர் விரும்பாத வேட்பாளருக்கு வாக்களித்துவிட நேரும். அப்பிழையை அவர் அறியாமலும் போகலாம்.

அதே மையத்தில் பயின்று, தமிழ் எழுத்துருக்களில் ஈடுபாடு கொண்ட உதயகுமார் வரைந்த உரூபாய்க் குறியீட்டை இந்திய அரசு 2010 சூலை 15 அன்று ஏற்றது. இன்று கடைப்பலகைகளிலும் கைப்பேசிகளிலும் அது இடம்பெற்றுள்ளது. தேவநாகரி எழுத்தையும் உரோமன் எழுத்தையும் இணைத்த அச்சிறு வடிவத்தை எழுதுவோருள் பலர், அதனை ஒருவர் வடிவமைத்தார் என்பதையே எண்ணிப்பார்ப்பதில்லை.

சேர்க்கை

தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் நான்காண்டு இளநிலைப் படிப்பிற்கு மேல்நிலையில் எப்பாடப்பிரிவு பயின்றவரும் விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டில் சென்னை, கும்பகோணம் ஆகிய இடங்களில் அரசு கவின்கலைக் கல்லூரிகளும், மாமல்லபுரத்தில் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியும் உள்ளன. நுழைவுத்தேர்வுகளில் அழகாக வரைதல் மட்டும் சோதிக்கப்படுவதில்லை. தேசிய நிறுவனத்தின் இரண்டாம் கட்டத் தேர்வில், எளிய பொருள்கள் சிலவற்றைக் கையில் கொடுத்துக் குறித்த நேரத்திற்குள் ஓர் உருவத்தைச் செய்யச் சொல்வர்.