ஆறு பாட்டிலுக்கு ஒரு பை!

பிறந்த வீட்டிலிருந்து திரும்பும் பெண்ணின் கையில் அம்மா கொடுத்தனுப்பும் சாமான்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் இரண்டு பாட்டில், தேங்காய் எண்ணெய் ஒன்று, மலைத் தேன் ஒன்று, நன்னாரி சர்பத் இரண்டு... ஆறுக்குக் குறைவதில்லை. "ஏம்மா, இதெல்லாம் எங்க ஊர்க் கடையிலே கிடைக்காதா?" என்று பெண் கேட்டால், "கிடைக்கும்டீ, இந்த மாதிரி கிடைக்குமா?" என்று பதில் வரும். அதற்கு மேல் பேச்சு ஏது!

பாசத்தோடு கொடுப்பதை வேண்டாமென்று சொல்ல மனசு வராதுதான். ஆனால், அதைக் கொண்டு போகும் விதம் இருக்கிறதே, அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. செய்தித்தாளில் சுற்றி, கையில் அகப்பட்ட பையில் ஆறையும் திணித்து, ஒரு கையில் அதையும் இடுப்பில் குழந்தையையும் சுமந்துகொண்டு பஸ் ஏறுகிறோம். வழியெல்லாம் பைக்குள் 'ணங், ணங்' என்று சத்தம். பையின் காது அறுந்தாலோ அடித் தையல் விட்டாலோ கண்ணாடிச் சில்லு சிதறுவது நம் காலடியில் நிற்கும் குழந்தையின் வெறுங்காலைச் சுற்றித்தான்.

முதலில் பாரத்தைக் கணக்குப் பண்ணுங்கள். சர்பத், ஸ்குவாஷ் வரும் 750 மில்லி கண்ணாடி பாட்டில் காலியாகவே சுமார் 400 முதல் 500 கிராம் இருக்கும். அதில் எண்ணெய் நிரப்பினால் எண்ணெய் மட்டும் 690 கிராம் போல. அதே பாட்டிலில் தேன் என்றால் ஒரு கிலோவுக்கு மேல். சர்க்கரைப் பாகில் செய்த சர்பத்தும் அதற்கு அருகில் வரும். ஆறு பாட்டிலும் சேர்ந்தால் ஏழு கிலோ முதல் எட்டரை கிலோ வரை! காய்கறிக்கென்று தைத்த பை இதைத் தாங்குமா?

துணிப் பைகள் மறுபடி நம் கைக்கு வந்தது நல்ல விஷயம். தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரியில் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசாங்கமே இயக்கம் தொடங்கியது. ஆனால் மஞ்சள் பையின் காதுகளைக் கவனித்திருக்கிறீர்களா? வாயோரத்தில் நாலு தையல், அவ்வளவுதான். பாரம் முழுவதும் அந்த நாலு தையலில் தொங்குகிறது. இரண்டு பாட்டிலுக்கு மேல் அதை நம்பக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

"எங்கிட்ட வயர் கூடை இருக்கே!" என்பீர்கள். சிவன் கண், பிஸ்கட், நெல்லிக்காய் என்று எந்த முடிச்சில் போட்டதானாலும் வயர் கூடை உறுதியானதுதான். அறுந்து விழாது. ஆனால் பாரம் ஏற ஏற அடிப்பாகம் நடுவில் தொய்யும். தொய்ந்தால் எல்லாப் பாட்டிலும் நடுவை நோக்கிச் சாய்ந்து ஒன்றையொன்று இடிக்கும். அங்கேதான் ஆபத்து.

கண்ணாடியின் குணம் விசித்திரமானது. நாலு பக்கமும் சமமாக அழுத்தினால் நன்றாகத் தாங்கும். இழுப்பையும் வளைவையும் தாங்காது. அதிலும் மேலே ஒரு சின்னக் கீறல் இருந்தால் போதும், விரிசல் அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கும். பாட்டிலோடு பாட்டில் உரசும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுகின்றன. திரும்பத் திரும்ப உபயோகிக்கும் சோடா பாட்டில்களின் தோளிலும் அடியிலும் வெள்ளையாக ஒரு வளையம் பார்த்திருப்பீர்கள். உரசி உரசி வந்த தழும்பு அது. அப்படித் தழும்பேறிய பாட்டிலையும், விளிம்பு உதிர்ந்ததையும் பிரயாணத்துக்கு எடுக்க வேண்டாம்.

பாட்டில் விற்பவர்களுக்கு இது எப்போதோ தெரியும். குளிர்பானப் பெட்டியில் 24 பாட்டிலுக்கும் 24 குழி. இத்தாலியில் ஒயின் குடுவைகளுக்கு வைக்கோலால் சட்டை பின்னிப் போடுவது பழைய வழக்கம். மேல்நாட்டுக் கடைகளில் ஒயின் வாங்குகிறவர்களுக்கு ஆறு அறை தடுத்த பையே கிடைக்கிறது. அந்த ஒயின் பாட்டிலும் 750 மில்லிதான். சுமார் மூன்று இஞ்சு குறுக்களவு, பன்னிரண்டு இஞ்சு உயரம். நம் சர்பத் பாட்டிலும் ஏறக்குறைய அதே உருவம். ஆகவே அந்தப் பையின் யோசனையை நம் எண்ணெய்க்கும் தேனுக்கும் எடுத்துக்கொள்வதில் தப்பில்லையே!

தைக்கலாமா?

வெளித் துணிக்குக் கான்வாஸ் அல்லது கெட்டிக் காடா வேண்டும். பழைய பவானி ஜமக்காளம் ஓரம் கிழிந்து பரணில் கிடந்தால் அதன் நல்ல பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதைவிடப் பொருத்தமான துணி கிடையாது. உள்ளே அறைகளுக்குப் பழைய டர்க்கி டவல், குளிக்கிற சைஸில் ஒன்று. கைப்பிடிக்கு ஒன்றரை இஞ்சு அகலத்தில் கெட்டிப் பருத்தி நாடா 2½ கஜம். ஒல்லி நாடா வேண்டாம், எட்டு கிலோவைத் தூக்கும்போது உள்ளங்கையை அறுத்துவிடும். அடியில் போடப் பழைய யோகா விரிப்பிலிருந்து ஒரு துண்டும், அதே அளவில் மெல்லிய பிளைவுட் ஒன்றும். அட்டை வைத்தால் ஒருமுறை நனைந்ததும் கூழாகிவிடும்.

முடிந்த பையின் அளவு: நீளம் 10½ இஞ்சு, அகலம் 7½, உயரம் 10. முன்பக்கம், அடி, பின்பக்கம் மூன்றும் ஒரே நீளத் துண்டாக வர வேண்டும். அடியில் மட்டும் ஒட்டுப் போடவே கூடாது. அதற்கு 30½ இஞ்சு நீளம், 11½ இஞ்சு அகலத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். பக்கங்களுக்கு 8½க்கு 12 இஞ்சில் இரண்டு. தையலுக்கும் வாய் மடிப்புக்கும் இதிலேயே இடம் விட்டிருக்கிறது.

பக்கங்களை மூட்டும் முன்பே நாடாவைத் தைத்துவிட வேண்டும். இந்தப் பைக்கு உயிரே இந்த நாடாதான். நீளத் துண்டை வெளிப்பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, முடிந்த அகலத்தில் இரண்டு ஓரத்திலிருந்தும் 3½ இஞ்சு தள்ளிக் கோடு போடுங்கள். ஒரே நாடா அடியில் ஆரம்பித்து, ஒரு கோட்டின் மேல் முன்பக்கமாக ஏறி, வாய்க்கு மேல் 16 இஞ்சு கைப்பிடியாக வளைந்து, அடுத்த கோட்டில் இறங்கி, அடியைக் கடந்து, பின்பக்கம் ஏறி, இன்னொரு 16 இஞ்சு கைப்பிடியாகி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். இரண்டு முனைகளும் மூன்று இஞ்சு ஒன்றன்மேல் ஒன்றாக அடியிலேயே மூட்டப்பட வேண்டும். ஊஞ்சல் பலகைக்கு அடியில் கயிறு ஓடுகிற மாதிரி, பாரத்தை நாடா ஏந்திக்கொள்கிறது. துணிக்கு வேலையே இல்லை. நாடாவின் இரண்டு ஓரத்திலும் தையல் ஓட்டி, வாய்க்கு ஒரு இஞ்சு கீழே நாலு இடத்திலும் சதுரமாகத் தைத்து, உள்ளே பெருக்கல் குறி போட்டுவிடுங்கள்.

அடுத்து அறைகள். டவலில் 26½ இஞ்சுக்கு 16 இஞ்சில் இரண்டு துண்டு வெட்டி, நீளவாக்கில் இரண்டாக மடித்தால் 8 இஞ்சு உயரப் பட்டை வரும். மடித்த ஓரம் மேலே இருக்கட்டும். இதை முன்பக்கச் சுவரின் உள்ளே, அடிக்கு அரை இஞ்சு மேலே வைத்து, சுவரில் 3½ இஞ்சுக்குப் பட்டையில் 8½ இஞ்சு என்ற கணக்கில் தொளதொளவென்று விட்டு நெடுக்காகத் தையுங்கள். தையல் நாடாவின் நடுவிலேயே விழும், அது இன்னும் உறுதி. முன்சுவரில் மூன்று அறை, அதே மாதிரி பின்சுவரில் மூன்று. பட்டையின் கீழ் ஓரத்தைத் தைக்க வேண்டாம். பாட்டில் நிற்க வேண்டியது பையின் அடியில், அறை அதைத் தழுவிக்கொண்டால் போதும்.

உங்கள் பாட்டில் வேறு பருமனா? ஒரு நூலை அதன் வயிற்றில் சுற்றிப் பாருங்கள். அந்தச் சுற்றளவில் ஒரு இஞ்சு குறைத்தால் பட்டைத் துணியின் அளவு. பாட்டிலின் குறுக்களவோடு அரை இஞ்சு கூட்டினால் சுவரில் விட வேண்டிய அளவு.

இப்போது பக்கத் துண்டுகளை மூட்டி, இரட்டைத் தையல் போட்டு, வாயை மடித்து அடித்துவிட்டால் பை தயார். பிளைவுட்டை முதலில் போட்டு, அதன்மேல் யோகா விரிப்புத் துண்டைப் போடுங்கள். இத்தனை கனம் தைக்க மிஷினில் 16 அல்லது 18 நம்பர் ஊசி தேவை. வீட்டு மிஷின் முரண்டு பிடித்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஸ்கூல் பை, ஜிப் தைக்கிற கடையில் நாடாவை மட்டும் தைத்து வாங்கிக்கொள்ளலாம். கோணி ஊசியும் பொறுமையும் உள்ளவர்கள் கையாலேயே தைத்துவிடுவார்கள்!

தைக்கவே நேரமில்லை என்கிறவர்கள், டவல் பட்டையை மட்டும் அறை அறையாகத் தைத்து வயர் கூடைக்குள் இறக்கி, அடியில் பிளைவுட் போட்டுக்கொள்ளலாம். பாதி நன்மை கிடைக்கும். பையனின் பழைய ஜீன்ஸ் கால் ஒன்று இருந்தால் இரண்டு பாட்டிலுக்கு உறை தயார்.

புதுப் பையில் உடனே கண்ணாடியை வைத்துவிடாதீர்கள். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் ஆறில் தண்ணீர் நிரப்பி வைத்து, இடுக்கில் இரண்டு கிலோ அரிசியும் போட்டு, ஜன்னல் கம்பியில் ஒரு ராத்திரி தொங்க விடுங்கள். காலையில் எந்தத் தையலாவது இளித்திருந்தால் அங்கே இன்னொரு ஓட்டு ஓட்டிவிடலாம்.

பாட்டிலைக் கழுத்து முட்ட நிரப்புவதும் தப்பு. எண்ணெய் சூட்டில் விரியும். விடியற்காலை நிரப்பியது மத்தியான பஸ்ஸில் 20 டிகிரி கூடினால், 750 மில்லி எண்ணெய் சுமார் 10 மில்லி அதிகமாகும். அது இரண்டு டீஸ்பூன்! மூடியை முட்டிக்கொண்டு வெளியே வரத்தான் பார்க்கும். இரண்டு விரற்கடை இடம் விடுங்கள். மூடிக்கு மேலே ஒரு துணியைப் போர்த்தி நூலால் இறுக்கிக் கட்டினால் கசிந்தாலும் துணியோடு நிற்கும்.

ரயிலிலோ பஸ்ஸிலோ இந்தப் பையை மேல் பலகையில் வைக்கவே கூடாது. சடக்கென்று பிரேக் போட்டால் எட்டு கிலோ கண்ணாடி யார் தலையில் இறங்கும்? கீழே, ஸீட்டுக்கு அடியில், சூட்கேஸை அணைவாக வைத்து நிமிர்த்தி வையுங்கள்.

கைக்குழந்தைக்காரிகளுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பையை நீங்கள் தூக்க வேண்டாம். சிசேரியன் ஆனவர்கள் ஆறு வாரம் வரை தங்கள் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம் என்றுதான் டாக்டர்கள் சொல்வார்கள். அதற்குப் பிறகும், ஒரு இடுப்பில் குழந்தை, மறு கையில் எட்டு கிலோ என்றால் முதுகு என்ன ஆகும்? இதே கணக்கில் அகலத்தை மட்டும் பாதியாக்கி, மூன்று பாட்டில் பையாக இரண்டு தைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அவர் தூக்கட்டுமே, என்ன குறைந்துவிடும்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அறைதான் தனித்தனியாக இருக்கிறதே என்று பினாயில், ஆஸிட், மண்ணெண்ணெய் இவற்றை எண்ணெயோடு இதே பையில் வைக்காதீர்கள். அவற்றைச் சர்பத் பாட்டிலில் ஊற்றி வைப்பது அதைவிட ஆபத்து. குழந்தைக்குப் பாட்டிலைத்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. தப்பித் தவறி மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போய்விடும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் ஒரு பாட்டில் உடைந்துவிட்டால், பைக்குள் கையை விடாதீர்கள். குழந்தையை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, செருப்புப் போட்டுக்கொண்டு, பையை வெளியே எடுத்துப் போய்ச் செய்தித்தாளில் கவிழுங்கள். தரையில் தெறித்த பொடிச் சில்லுகளைப் பிசைந்த சப்பாத்தி மாவால் ஒற்றி எடுக்கலாம். தேனையோ நெய்யையோ வடிகட்டி உபயோகித்தால் என்ன என்று ஆசைப்படாதீர்கள். வடிகட்டியில் நிற்காத சில்லும் உண்டு. டர்க்கி டவலின் நூல் வளையங்களில் பொடிக் கண்ணாடி ஒளிந்துகொள்ளும், எத்தனை அலசினாலும் போகாது. ஆகவே அந்தப் பட்டையை மட்டும் பிரித்தெடுத்து, பேப்பரில் சுற்றி, 'கண்ணாடி' என்று எழுதிக் குப்பைக்காரரிடம் தனியாகக் கொடுங்கள். பைக்குப் புதுப் பட்டை தைத்துக்கொள்ளலாம்.

எண்ணெய் பட்ட பையைச் சும்மா மடித்துப் போட்டால் சிக்கு வாடை அடிக்கும். அடிப்பலகையையும் விரிப்பையும் எடுத்துவிட்டு, வெந்நீரில் சோப்புத் தூள் கலந்து அரை மணி ஊற வைத்துத் துவையுங்கள். காய வைக்கும்போது தலைகீழாக, அடியில் ஓடும் நாடாவில் கிளிப் மாட்டித் தொங்க விட்டால் அறைகளுக்குள் ஈரம் தங்காது.